ஒயர்லெஸ் டீபக்கிங்: போன் லேப்டாப்போடு சேர மறுப்பது ஏன்?

ஆண்ட்ராய்டு போனைக் கேபிள் இல்லாமல் டீபக் செய்ய (எழுதும் ஆப்பை லேப்டாப்பிலிருந்து போனில் ஓட்டிப் பிழை பார்க்க) முயன்று தோற்பவர்கள் பெரும்பாலும் போனைத்தான் சந்தேகிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது போர்ட் எண் (சாதனத்தின் எந்த வாசலில் இணைவது என்று சொல்லும் எண்), அடுத்தது வைஃபை.

ஆண்ட்ராய்டு 11 முதல் பேரிங் (லேப்டாப்பைப் போனுக்கு அறிமுகம் செய்வது), கனெக்ட் (அதன்பின் இணைவது) இரண்டும் தனித்தனி வேலைகள். இரண்டுக்கும் போர்ட் வேறு. போன் செட்டிங்ஸில் உள்ள டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஒயர்லெஸ் டீபக்கிங்கைத் திறந்து பேரிங் கோடு கேட்டால், ஒரு பெட்டியில் ஆறு இலக்கக் குறியீடும் ஐபி முகவரியும் ஒரு போர்ட்டும் வரும். அந்தப் போர்ட், லேப்டாப்பிலிருந்து போனோடு பேசும் கருவியான ஏடிபியின் ‘ஏடிபி பேர்’ கட்டளைக்கு மட்டுமே. பேரிங் முடிந்ததும், பெட்டிக்குப் பின்னால் உள்ள பக்கத்தில் தெரியும் போர்ட்டைத்தான் ‘ஏடிபி கனெக்ட்’டுக்குக் கொடுக்க வேண்டும். பேரிங் போர்ட்டையே மறுபடி கொடுப்பதும், பழைய பழக்கத்தில் 5555 என்று அடிப்பதும் மிகச் சாதாரணமாக நடக்கிற தவறுகள். பெட்டியை மூடிவிட்டால் குறியீடும் போர்ட்டும் செல்லாது. ஆகவே டெர்மினலைத் தயாராக வைத்துக்கொண்டு பெட்டியைத் திறங்கள், பேரிங் முடியும்வரை மூடாதீர்கள்.

‘பேர்’ என்ற கட்டளையே தெரியாது என்று ஏடிபி சொன்னால் உங்கள் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் (ஏடிபி அடங்கிய தொகுப்பு) பழையது, 30.0.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். ஒரே லேப்டாப்பில் இரண்டு ஏடிபி இருப்பதும் உண்டு: ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுடன் வந்தது ஒன்று, வேறு கருவி இறக்கி வைத்தது இன்னொன்று. பதிப்புகள் ஒத்துப்போகாவிட்டால் ஒன்று மற்றதன் சர்வரை (பின்னணியில் ஓடும் ஏடிபியை) நிறுத்திவிடும், இணைப்பும் அறுந்துபோகும். ‘ஏடிபி வெர்ஷன்’ கொடுத்தால் எந்த ஃபோல்டரில் உள்ளது ஓடுகிறது என்று தெரியும்.

அடுத்தது நெட்வொர்க். பெங்களூரில் கோரமங்களா, எச்எஸ்ஆர் லேஅவுட் பக்கத்துக் கோ-வொர்க்கிங் இடங்களிலும் கஃபேக்களிலும் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் இதில்தான் அதிகம் சிக்குகிறார்கள். போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருக்கும், இணையமும் வேலை செய்யும். ஆனால் கெஸ்ட் நெட்வொர்க்குகளில் ஒரு சாதனம் இன்னொன்றைத் தொட முடியாதபடி கிளையன்ட் ஐசொலேஷன் போட்டிருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பிழைச் செய்தியைப் படித்தாலே போதும். ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ (விண்டோஸில் 10061) என்று வந்தால் பொதுவாகப் போன்வரை போய்ச் சேர்ந்தாயிற்று, போர்ட்தான் தவறு. ‘டைம்டு அவுட்’ (10060) என்றால் வழியில் யாரோ தடுக்கிறார்கள். ஐபி எண் சரியா, லேப்டாப்பில் விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் சிக்கல் இல்லையென்றால் அந்த வைஃபையோடு மல்லுக்கட்ட வேண்டாம். விண்டோஸின் மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு அதில் போனைச் சேருங்கள், போனுக்கு 192.168.137 என்று தொடங்கும் முகவரி கிடைக்கும். ஆப்பிள் மேக் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு எளிய வழி இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட். டெஸ்ட் போனையே ஹாட்ஸ்பாட்டாக்கினால் சரிவராது. ஒயர்லெஸ் டீபக்கிங் ஆன் ஆக, அந்தப் போன் ஏதாவது ஒரு வைஃபையில் சேர்ந்திருக்க வேண்டும்.

பேரிங்குக்குக் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து, அது முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அது வேறு விஷயம். க்யூஆர் முறை, ஒரே நெட்வொர்க்கில் சாதனங்கள் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ்ஸை, அதாவது யுடிபி 5353 போர்ட்டை, நம்பியிருக்கிறது. ரவுட்டரோ ஃபயர்வாலோ அதைத் தடுத்தாலும், எண்களைக் கையால் அடிக்கும் பேரிங் கோடு முறை பெரும்பாலும் வேலை செய்யும்.

கரண்ட் போய் ரவுட்டர் மறுபடி எழுந்தால் ஐபி மாறலாம், ஒயர்லெஸ் டீபக்கிங்கும் அணைந்திருக்கும். அதை மறுபடி ஆன் செய்தால் போர்ட் புதிது. இதற்காகப் பேரிங்கை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது வீண் வேலை. பேரிங் அப்படியே இருக்கும். புதிய எண்ணோடு கனெக்ட் மட்டும் கொடுங்கள். ரவுட்டரில் ஐபியை நிலையாக ஒதுக்குவதானால், அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் காட்டும் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் போனை அடையாளம் காட்டும் எண்ணை) எடுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் வேறு முகவரி காட்டுவதுதான் வழக்கம்.

ஆண்ட்ராய்டு 10-உம் அதற்கு முந்தையதும் என்றால் முதலில் கேபிள் வேண்டும்: ‘ஏடிபி டிசிபிஐபி 5555’, பிறகு கனெக்ட், பிறகு கேபிளைக் கழற்றலாம். கழற்ற மறந்தால் ஒரே போன் இரண்டாகத் தெரிந்து, ஒன்றுக்கு மேற்பட்ட சாதனம் இருக்கிறது என்று பிழை வரும். வேலை முடிந்ததும் ‘ஏடிபி யுஎஸ்பி’ கொடுத்து அந்தப் போர்ட்டை மூடியே ஆக வேண்டும். இந்தப் பழைய முறையில் போக்குவரத்துக்குக் குறியாக்கம் இல்லை. பத்துப் பேர் பகிரும் பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) வைஃபையில் 5555-ஐத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போவது பெரிய ஆபத்து. அனுமதி கேட்டு வரும் பெட்டி நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஷாவ்மி போன்களில் இணைப்பு கிடைத்த பிறகும் ஆப் ஏறாமல் ‘யூசர் ரெஸ்ட்ரிக்டட்’ என்று வந்தால், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘இன்ஸ்டால் வயா யுஎஸ்பி’யைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். பெயரில் யுஎஸ்பி இருந்தாலும் ஒயர்லெஸ்ஸுக்கும் அதுவே. அதை ஆன் செய்ய ஷாவ்மியின் மி கணக்கும் சிம்மும் கேட்கும். ரியாக்ட் நேட்டிவில் (ஜாவாஸ்கிரிப்டில் ஆப் எழுதும் முறை) எழுதுபவர்கள், இணைப்பு அறுந்து மறுபடி சேரும் ஒவ்வொரு முறையும் போன் லேப்டாப்பின் போர்ட்டை எட்ட உதவும் ‘ஏடிபி ரிவர்ஸ்’ஸை 8081 போர்ட்டுக்கு மீண்டும் கொடுக்க வேண்டும், பழையது இணைப்போடு போய்விடும்.