நோயாளியைப் பார்க்கப் போகும் கிறிஸ்தவர்களுக்குச் சில வார்த்தைகள்

எங்கள் அப்பா படுக்கையில் கிடந்த ஏழு மாதத்தில் வீட்டுக்கு வந்துபோன கோயில்காரர்கள் நிறைய. எல்லோரும் நல்லவர்கள், பாசத்தோடு வந்தவர்கள். ஆனால் பாதிப் பேர் ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்துவிட்டு உட்காருவதற்குள் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ஆண்டவர் தனக்குப் பிடிச்சவங்களைத்தான் சோதிப்பார்." அப்பா தலையை ஆட்டுவார், அவர்கள் படியிறங்கியதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த முதுகைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

போவதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு போன் செய்து கேளுங்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றும் நேரம், குளிப்பாட்டும் நேரம், மருந்து கொடுத்து அப்போதுதான் கண் அயர்ந்த நேரம் என்று அந்த வீட்டுக்கு ஒரு கணக்கு இருக்கும். பதினைந்து நிமிடம் போதும், நோயாளியே இருக்கச் சொன்னால் இருங்கள்.

முடிந்தால் கிளம்பும் முன், எல்லாவற்றையும் இழந்து நோயில் விழுந்த யோபுவின் கதையைச் சொல்லும் திருவிவிலியத்தின் யோபு நூலில் முதல் இரண்டு அதிகாரங்களைப் படித்துவிடுங்கள். யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் வந்து ஏழு பகல், ஏழு இரவு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அவருடைய வேதனை அவ்வளவு பெரிது என்று கண்டதால். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அந்த ஏழு நாள்தான். பேச ஆரம்பித்த பிறகு நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், அதனால்தான் இப்படி என்று அதிகாரம் அதிகாரமாகப் போதித்தார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது யாரிடம்? தம்மோடு வழக்காடிய யோபுவிடம் அல்ல, தமக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்த அந்த நண்பர்களிடம். என்னைப் பற்றி யோபு சரியாகப் பேசினான், நீங்கள் பேசவில்லை என்று 42-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். அதனால் படுத்திருப்பவர் "கடவுளுக்குக் கண்ணே இல்லையா" என்று கேட்டால் பதறிப்போய்த் திருத்தாதீர்கள். அவர் கேட்கட்டும். அதுவும் ஜெபம்தான், அவரிடம் அந்த நேரத்தில் இருக்கும் ஒரே ஜெபமாகக்கூட இருக்கலாம்.

நம் ஊரில் இந்தக் குற்றம்சாட்டல் வேறு வேஷத்தில் வரும். "வேளாங்கண்ணிக்கு வர்றேன்னு நேர்ந்துட்டுப் போகாம விட்டீங்களா?" "வீட்டுல குடும்ப ஜெபம் ஒழுங்கா நடக்குதா?" கேட்பவருக்கு அது அக்கறை, கேட்டுக்கொள்பவருக்கு வலிக்கு மேல் வலி. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவருடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்டபோது இரண்டும் இல்லை என்றார் இயேசு. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போதும், அவர்கள் என்ன மற்ற எருசலேம்காரர்களை விடப் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டார். ஆண்டவரே போடாத கணக்கை நாம் ஏன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போட வேண்டும்?

சரி, ஜெபம் எப்படிச் சொல்வது? முதலில், "ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அவருக்காகச் சொல்லுங்கள். சரி என்றால் குரலை உயர்த்தாமல், சுருக்கமாக. சந்தோஷமான வசனங்களை மட்டும் தேட வேண்டாம். "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்ற 22-ஆம் திருப்பாடலின் வரியைச் சிலுவையில் தொங்கும்போது இயேசுவே எடுத்துக்கொண்டார். 88-ஆம் திருப்பாடல் இருளைச் சொல்லியே முடிகிறது, ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் வருவதில்லை. அப்படி ஒரு பாட்டு திருவிவிலியத்திலேயே இருக்கிறது என்று தெரிந்த அன்று அப்பா என்னை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்.

வலி குறைய மாத்திரை போடுவதை விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கெத்சமனித் தோட்டத்தில் இந்தத் துன்பக் கிண்ணம் நீங்கட்டும் என்றுதான் இயேசு முதலில் கேட்டார், துன்பத்தைத் தேடி ஓடவில்லை. நோயாளிக்கு வலிநிவாரணி கொடுக்கலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-லேயே மருத்துவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். வலி பொறுக்க முடியவில்லை என்று அவர் சொன்னால் சிலுவையைப் பற்றிப் பேசாதீர்கள், டாக்டரிடம் பேசுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "ஒப்புக்கொடு" என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அது உண்மையான பொக்கிஷம். கிறிஸ்துவின் பாடுகளோடு தன் வேதனையைச் சேர்த்து இன்னொருவருக்காகக் கொடுப்பது, கொலோசெயருக்கு எழுதிய மடலில் பவுல் சொல்வது. எங்கள் பாட்டி மூட்டுவலியோடு முழந்தாள்படியிட்டு, இது குவைத்தில் இருக்கிற என் பேரனுக்கு என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன், அந்த முகத்தில் தோல்வியே இல்லை. ஆனால் அதைச் சொல்ல உரிமை உள்ளவர் வலியை அனுபவிப்பவர் மட்டும்தான். பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாம் சொன்னால் அது கட்டளை ஆகிவிடும். என் உயிரை யாரும் பறித்துக்கொள்வதில்லை, நானாகவே கொடுக்கிறேன் என்றார் ஆண்டவர். பறிக்கப்படுவது வேறு, கொடுப்பது வேறு, தியாகம் என்ற சொல் இரண்டாவதற்குத்தான். நம்மை மீட்டது இத்தனை ஆணி, இத்தனை கசையடி என்ற அளவு இல்லை, அதற்குள் இருந்த அன்பு. இதனால்தான், புருஷனிடம் அடிவாங்கும் பெண்ணிடம் "உன் சிலுவையைச் சும" என்று சொல்வது பெரிய தவறு. அவளைப் பத்திரமான இடத்துக்குக் கூட்டிப் போவதுதான் கிறிஸ்தவக் கடமை.

1981-இல் குண்டடிபட்டுப் பிழைத்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1984 பிப்ரவரியில் துன்பத்தைப் பற்றி ஒரு மடல் எழுதினார். தன் துன்பத்தால் நன்மை செய்யவும், துன்பப்படுபவருக்கு நன்மை செய்யவும் கிறிஸ்து நமக்குக் கற்றுத்தந்தார் என்கிறார். பார்க்கப் போகும் நமக்கு உரியது இரண்டாவது பாதி.

அதை எப்படிச் செய்வது? எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுவில், ஒரு அக்கா. அதிகம் பேசமாட்டார். ஒருநாள் வந்தவர் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அப்பாவின் காலைப் பார்த்துவிட்டு, "மாமா, நகம் வெட்டிவிடவா?" என்றார். நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை, கால் நகம் வளர்ந்து பக்கத்து விரலைக் குத்திக்கொண்டிருந்தது. வெந்நீர் கேட்டு வாங்கி, துண்டை நனைத்துக் கொஞ்ச நேரம் சுற்றிவைத்து, நகம் இளகினதும் ஒவ்வொன்றாக வெட்டினார். ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அப்பா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

சிலுவைப்பாதையில் ஐந்தாம் நிலையில் வரும் சீரேன் ஊர் சீமோனும் அப்படித்தான், வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள், அவர் இயேசுவின் சிலுவைக்குத் தோள் கொடுத்தார், அவ்வளவுதான். மனமில்லாமல் போனாலும் பரவாயில்லை, போங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பதை விட்டுவிட்டு, "வியாழக்கிழமை ராத்திரி நான் இங்க தங்குறேன், நீங்க தூங்குங்க" என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள். ஸ்கேன் வரிசையில் போய் நில்லுங்கள். தவக்காலத்தில் கறியை விட்டு மிச்சமாகும் காசை அவர்கள் மருந்துச் செலவில் சேர்த்துவிடுங்கள்.

நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பு அதை அவஸ்தைப்பூசுதல் என்பார்கள், அதனால் சாமியார் எண்ணெயோடு வந்தாலே கதை முடிந்தது என்று இன்னும் வீடுகளில் பயப்படுகிறார்கள். 1972-இல் திருச்சபை அந்தச் சடங்கைத் திருத்தியமைத்தது. சாகப் போகிறவருக்கு மட்டும் உள்ளதல்ல, கடுமையான நோயில் இருப்பவருக்கும், பெரிய ஆபரேஷனுக்கு முன்னும் கொடுக்கலாம். நினைவு தெளிவாக இருக்கும்போதே அவரைக் கேட்டுவிட்டு அழையுங்கள், அப்போதுதான் அவரும் சேர்ந்து ஜெபம் சொல்ல முடியும்.

அப்புறம், இறந்துவிட்டால் முப்பதாம் நாள் பூசையோடு கூட்டம் கலைந்துவிடும். அதற்குப் பிறகு போங்கள். அந்த அக்கா இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறார். அம்மாவுக்குத் தன் நகத்தைத் தானே வெட்டிக்கொள்ளத் தெரியும், இருந்தாலும் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார், வெந்நீரைச் சூடுபண்ண நான் உள்ளே போவேன்.