கொலோனோஸ்கோபி: மேஜையில் படுப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்" என்று ஏதாவது ஒரு சுவர் சொல்லும். ஆசனவாயில் ரத்தம் வந்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது மூலம்தான். துத்தி இலை, கருணைக்கிழங்கு என்று வீட்டு வைத்தியம் ஆரம்பமாகும். ரத்தம் நின்றுவிட்டால் மறந்துவிடுவோம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் மலக்குடல் புற்றுநோயும் அதே மாதிரி ரத்தத்தோடுதான், பல நேரம் வலியே இல்லாமல் ஆரம்பிக்கும். மூலம் இருக்கிறது என்று டாக்டர் கண்டுபிடித்துவிட்டார் என்பதால் அதற்கு மேலே கட்டி எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்கலாம்.

ரத்தம், காரணம் தெரியாத ரத்தசோகை, எடை குறைவது, மலம் கழிக்கும் பழக்கம் திடீரென மாறி அப்படியே நீடிப்பது: இதில் ஏதாவது இருந்தால் வயதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரிடம் போய்விடுங்கள். ஸ்கிரீனிங் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கான பரிசோதனை. அமெரிக்காவில் அதை 50 வயதில் தொடங்கச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இளவயதில் இந்த நோய் கூடுவதைப் பார்த்து, 2021-ல் 45 ஆகக் குறைத்தார்கள். நம் நாட்டில் பெருங்குடலுக்கென்று தேசிய ஸ்கிரீனிங் திட்டம் இல்லை. அரசின் பரிசோதனைகளில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களைத்தான் தேடுகிறார்கள். அதனால் 45 தாண்டியவர்கள் தாங்களாகத்தான் பேச்சை எடுக்க வேண்டியிருக்கிறது.

"போன மாசம்தான் மாஸ்டர் செக்கப் பண்ணேன், எல்லாம் நார்மல்" என்பவர்கள் அந்த ஃபைலை இன்னொரு முறை திறந்து பார்க்கலாம். வயிற்று ஸ்கேன் குடலின் உட்சுவரில் பாலிப் என்ற சின்ன சதை வளர்ச்சி இருந்தால் அதைக் காட்டாது. சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனை ஏற்கெனவே நோய் வந்தவர்களைக் கண்காணிக்க உதவுவது. நோயைத் தேடுவதற்கானது அல்ல. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான். ஆனால் அதை வருடாவருடம் செய்ய வேண்டும். பாசிட்டிவ் என்று வந்தால் அடுத்து செய்ய வேண்டியது கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை. பாசிட்டிவ் வந்ததும் வேறு லேபில் கொடுத்து, நெகட்டிவ் வந்தவுடன் நிம்மதியாகிவிடுபவர்கள் இருக்கிறார்கள். பாலிப் தினமும் ரத்தம் கசியாது. இரண்டாவது நெகட்டிவ் முதல் பாசிட்டிவை அழித்துவிடாது.

சரி, தேதி குறித்தாகிவிட்டது. இனி நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் சமையலறையிலும் கழிவறையிலும்தான்.

சாப்பாடு

கொலோனோஸ்கோப் என்பது நுனியில் கேமரா வைத்த, விரல் தடிமன் உள்ள வளையும் குழாய். குடலில் எச்சம் இருந்தால் டாக்டர் அதன் வழியாகவே உறிஞ்சி எடுப்பார். கொய்யா விதை, தக்காளி விதை, கத்தரி விதை எல்லாம் அந்தத் துளையில் போய் அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் முன்பே நார்ச்சத்தைக் குறைக்கச் சொல்வது இதனால்தான். நம் கஷ்டம் என்னவென்றால், "ஆஸ்பத்திரிக்குப் போறோம், நல்லதா சாப்பிடுவோம்" என்று அந்த வாரம்தான் கீரையும் ராகிக் களியும் கம்பங்கூழும் பழங்களுமாக இறங்குவோம். இந்த மூன்று நாள் மட்டும் கணக்கு தலைகீழ். வெள்ளைச் சோறு, இட்லி, தயிர், முட்டை, மீன் சாப்பிடலாம். கீரை, சிறுதானியம், நிலக்கடலை, முருங்கைக்காய், தோலோடு பருப்பு, விதையுள்ள பழம், நார் அதிகமுள்ள மாம்பழம் வேண்டாம். தாளித்த கடுகும் மிளகாய் விதையும்கூட வேண்டாம். மலச்சிக்கலுக்கு இசப்கோல் சாப்பிடுபவர்கள் அதையும் நிறுத்த வேண்டும், அதுவும் நார்தான்.

தட்டுவடை செட்டை விட்டு இருக்க முடியாதவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் துருவிப் போடும் பீட்ரூட், கேரட் இரண்டுமே ஆகாது. பீட்ரூட்டின் சிவப்பு குடல் சுவரில் ரத்தம் போலத் தெரிந்து குழப்பும். அதே காரணத்துக்காக ரோஸ்மில்க், திராட்சை ஜூஸ், சிவப்பு ஜெல்லி எதுவும் கூடாது. சேலத்துக்காரர்களுக்கு ஒரு ஆறுதல், ஜவ்வரிசி. மரவள்ளி மாவுச்சத்து மட்டும்தான் என்பதால் நார் கிட்டத்தட்ட கிடையாது. முந்திரி, தேங்காய் போடாத ஜவ்வரிசிக் கஞ்சி இந்த நாட்களுக்குப் பொருத்தமான சாப்பாடு.

முந்தின நாள் பெரும்பாலும் தெளிந்த திரவம் மட்டும் என்பார்கள். இங்கே வழுக்குவது மோரில். "மோர்தானே, திரவம்தானே" என்று குடித்துவிடுகிறோம். பால், மோர், பால் காப்பி எதுவும் தெளிந்த திரவத்தில் சேராது. வரக்காப்பி, பாலில்லாத டீ, வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ், வடிகட்டிய சூப், வழுக்கை இல்லாத இளநீர் சேரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரையும் கேட்காமல் குடிக்க வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். வெற்றிலை பாக்கு போடும் பெரியவர்கள் இருந்தால் பெட்டியை எடுத்து ஒளித்து வையுங்கள்.

மாத்திரை

இதில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. சொல்லாமல் எல்லாவற்றையும் போட்டுக்கொள்வது ஒன்று, பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் ஆபத்து. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளோபிடோக்ரெலைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டில் ரத்தம் உறைய வாய்ப்பு இருக்கிறது. வார்ஃபரின் போன்றவையும் அப்படித்தான். எதை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, நிறுத்தலாமா கூடாதா என்பதை இதய டாக்டரும் கொலோனோஸ்கோபி செய்யும் டாக்டரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை.

இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிச் சுவரோடு ஒட்ட வைக்கும். டானிக் என்று நினைத்து அதைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுகிற பெண்கள் நிறைய.

சர்க்கரைக்காரர்களுக்குத் தனித் திட்டமே வேண்டும். சாப்பாடு இல்லாமல் கிளிமிபிரைடு போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். இன்சுலின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். பட்டினியோடு அவை சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடலாம். மாத்திரைப் பெயர் ஞாபகம் இல்லாவிட்டால் அட்டைகளைப் பையோடு அள்ளிக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். கையோடு வெள்ளைக் கற்கண்டு கொஞ்சம் இருக்கட்டும். தலைசுற்றி வியர்த்தால் வாயில் போட்டுக்கொள்ளலாம்.

பவுடர்

எல்லோரும் பயப்படுவது குழாய்க்கு. உண்மையில் கஷ்டம் இதுதான். குடலைக் கழுவும் பேதி மருந்தான பெக்லெக் போன்ற பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். உப்பும் எலுமிச்சையும் கலந்த ஒரு வழவழப்பான ருசி. "இவ்வளவு தண்ணி யார் குடிக்கிறது" என்று ஒரு லிட்டரில் கரைத்துக் குடிக்கக் கூடாது. அந்தப் பவுடர் உடம்பில் சேராமல், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலைக் கழுவிப் போகிறது. அளவு தப்பினால் அந்தக் கணக்கே தப்பிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டு, கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் என்று குடித்தால் இறங்கும். குமட்டினால் அரை மணி நேரம் விட்டுவிட்டு மெதுவாகத் தொடரலாம். பவுடருக்குப் பதிலாக விளக்கெண்ணெய், நிலாவாரை என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்ய வேண்டாம்.

இருப்பதிலேயே பெரிய தவறு, பாதியில் நிறுத்துவது. இரவு முதல் பாதி குடித்து நாலைந்து தடவை போய்வந்ததும் "எல்லாம் போயிடுச்சு" என்று தோன்றும். மீதியை விடியற்காலையில் எழுந்து குடிக்கச் சொல்வதில் காரணம் இருக்கிறது. இரவு முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தமும் சளியும் இறங்கி, பெருங்குடலின் ஆரம்பப் பகுதியான வலது பக்கத்தில் படியும். தட்டையாக, சுவரோடு சுவராக இருக்கும் பாலிப்புகளைத் தவற விடுவதும் அங்கேதான். பரிசோதனைக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் முன்பு இரண்டாம் பாதியை ஆரம்பித்து, இரண்டு மணி நேரத்துக்கு முன்பு முடித்துவிட வேண்டும். அதன் பிறகு தண்ணீர்கூடக் கிடையாது. வெளியே போவது இளமஞ்சள் நிறத் தண்ணீராக, திப்பி இல்லாமல் இருந்தால் தயார். பழுப்பாகக் கலங்கலாகப் போனால் கிளம்புவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் உள்ளே கேமரா சொல்லிவிடும். அன்றைய பட்டினியும் பணமும் வீணாகி, மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

லைன் வீடுகளில் நாலு குடும்பத்துக்கு ஒரு கழிவறை இருக்கும். அங்கே இருப்பவர்களுக்கு இந்த அறிவுரை எதுவும் உதவாது. அவர்கள் முந்தின இரவே அட்மிட் ஆக முடியுமா என்று கேட்கலாம், இல்லை உறவினர் வீட்டில் தங்கலாம். முட்டி வலிக்காரர்களுக்கு வெஸ்டர்ன் கழிவறை இருக்கும் வீடு நல்லது. தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வையுங்கள். பத்துத் தடவைக்கு மேல் கழுவினால் எரியும், வாசலின் தடவிக்கொண்டால் தாங்கும்.

மலையிலிருந்து வருபவர்கள்

ஏற்காட்டுக்காரர்கள் "காலையில முதல் பஸ்ஸுக்கு இறங்கிடலாம்" என்று திட்டம் போடுவார்கள். விடியற்காலையில் ஒரு லிட்டர் பேதி மருந்து குடித்துவிட்டு 20 கொண்டை ஊசி வளைவுகள். யோசித்துப் பாருங்கள். முந்தின நாளே அஸ்தம்பட்டியிலோ ஐந்து ரோட்டிலோ ஆஸ்பத்திரிக்குப் பக்கமாகத் தங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

திரும்பிப் போவதிலும் கவனம் வேண்டும். மயக்க ஊசி போட்டால் எழுந்தவுடன் தெளிவாக இருப்பது போலத்தான் தோன்றும், ஆனால் நிதானம் முழுதாகத் திரும்பியிருக்காது. 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். பெரிய பாலிப் எடுத்திருந்தால் அன்று இரவு கீழேயே தங்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். எடுத்த இடத்தில் இரண்டு வாரம் வரைகூட ரத்தம் கசிய வாய்ப்பு உண்டு. அடங்காத வயிற்று வலி, காய்ச்சல், நிறைய ரத்தம், கரிய மலம் என்று ஏதாவது வந்தால் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

அந்த அரை மணி நேரம்

பரிசோதனையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பின்பக்கம் திறப்புள்ள உடை கொடுப்பார்கள், இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள், மேலே துணி மூடியிருக்கும். பெண் உதவியாளர் உடன் இருக்க வேண்டுமென்றால் முன்பே சொல்லலாம். மயக்க ஊசி போட்டால் பலருக்கு எதுவுமே நினைவிருக்காது. முடிந்ததும் வயிறு உப்பி, காற்று பிரியும். அடக்க வேண்டாம், அங்கே எல்லோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நடக்கிறது.

ரிப்போர்ட்

"கேன்சர் இல்லைன்னுட்டாங்க" என்ற ஒரு வார்த்தையோடு ஃபைலைப் பரணில் போட்டுவிடுகிறோம். அதில் மூன்று விஷயம் பாருங்கள். குழாய் பெருங்குடலின் ஆரம்பமான சீக்கம் வரை போனதா? குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது? சுத்தத்தை அளக்கும் பாஸ்டன் அளவுகோல் போட்டிருந்தால் மொத்தம் 9-க்கு மதிப்பெண்; பெருங்குடலின் மூன்று பகுதிக்கும் தலா 2-ஆவது இருக்க வேண்டும். பாலிப் எடுத்தார்களா, எத்தனை, என்ன அளவு? எடுத்ததை பயாப்ஸிக்கு அனுப்பியிருந்தால் அந்த முடிவு சில நாள் கழித்துத் தனியாக வரும். அதைப் போய் வாங்காமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

அடுத்த முறை எப்போது என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்யும். சுத்தமான குடலில் எதுவும் இல்லையென்றால் 10 வருடம் கழித்து வந்தால் போதும். புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப் வகையான அடினோமா, சின்னதாக ஒன்றிரண்டு இருந்தால் 7 முதல் 10 வருடம், 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் 3 வருடம் என்பது 2020-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். குடல் சுத்தமாக இல்லை என்று எழுதியிருந்தால் ஒரு வருடத்துக்குள் மறுபடி செய்ய வேண்டும். அடினோமா புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் எடுத்துவிட்டால் அந்தப் பாலிப்பிலிருந்து நோய் வரப்போவதில்லை.

ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்றோ முற்றிய நிலை அடினோமா என்றோ இருந்தால், கூடப் பிறந்தவர்களிடமும் பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரம், வெளியே தெரிய வேண்டாம் என்று மூடி வைப்பவர்களைத் தெரியும். ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, ரத்த உறவுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அவர்களுக்குக் கணக்கு 45 அல்ல. 40 வயதில், அல்லது வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டுபிடித்த வயதிலிருந்து பத்தைக் கழித்த வயதில், இரண்டில் எது முந்துகிறதோ அப்போது ஆரம்பிக்க வேண்டும். அப்பாவுக்கு 48-ல் தெரிந்தது என்றால் பிள்ளைகளுக்கு 38.