பீரோவிலேயே கிழியும் பட்டு

அம்மாவின் முகூர்த்தப் புடவை அரக்கு நிறம், மாம்பழ மஞ்சள் கரை. காஞ்சிபுரத்துக் கோர்வை, அதாவது உடலையும் கரையையும் தனித்தனி இழையால் நெய்து கோத்த நெசவு. கல்யாணத்துக்குப் பிறகு நான்கு முறைதான் உடுத்தியிருப்பார். சென்ற மார்கழியில் மயிலாப்பூர்க் கச்சேரி ஒன்றுக்குக் கட்டலாம் என்று நான் விரித்தபோது, மடிப்பு விழுந்த இடமெல்லாம் நேர்க்கோடாகப் பிளந்திருந்தது. உடுத்திக் கிழித்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்ததுதான் தவறு. அசல் சரிகையில் சிவப்புப் பட்டிழையைச் சுற்றி மெல்லிய வெள்ளி இழை ஓடும். அதன்மேல் தங்க முலாம். உலோகம் ஒரே இடத்தில் வளைந்து கிடந்தால் முறியும், முறிந்த முனை பக்கத்துப் பட்டை அறுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். மடிப்புக்குப் பயந்து ஹேங்கரில் தொங்கவிடவும் வேண்டாம். முந்தானையின் கனமே துணியை இழுத்துவிடும்.

கடையில் தந்த பிளாஸ்டிக் உறையோடு வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை வீடுகளின் சுவரே வியர்க்கும். உறைக்குள் சிக்கிய ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். காற்றிலுள்ள கந்தகத்தால் சரிகையின் வெள்ளி கறுக்கும். ஈரம் அதை விரைவுபடுத்தும். கூவத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை, அவர்கள் வீட்டுக் குத்துவிளக்கே சொல்லும். நன்றாகத் துவைத்துக் காய்ந்த பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். பாச்சை உருண்டை சரிகைமேல் படக்கூடாது. துணியில் முடிந்த வசம்பு போதும்.

சித்திரை மாதக் கல்யாணத்தில் வியர்த்துக் கொட்டிய புடவையை அன்றிரவே மடித்து உள்ளே தள்ளுவதைப்போல வேறு கொடுமை இல்லை. சில மணி நேரம் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயில் வேண்டாம், சாயம் வெளுக்கும். சென்ட்டைப் புடவை கட்டுவதற்கு முன்பே அடித்துக்கொள்ளுங்கள். இஸ்திரி போடும்போது சரிகைமேல் ஒரு பருத்தித் துணி இருக்கட்டும்.

துவைப்பதில்தான் பெரிய ஆபத்து. பட்டும் நம் தலைமுடியைப் போலப் புரதம்தான். பல சோப்புத்தூள்களில் உணவுக்கறையைப் போக்கச் சேர்க்கும் நொதிகள் புரதத்தைச் சிதைப்பவை. அவற்றுக்குச் சாம்பார்ப் பருப்பும் ஒன்றுதான், பட்டும் ஒன்றுதான். கோர்வையில் உடலுக்கும் கரைக்கும் தறியில் தனித்தனி நாடா, தனித்தனிச் சாயம். ஊறவைத்தால் அரக்கு மஞ்சளில் இறங்கிவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. பந்தியில் கறை பட்டால் தேய்க்காமல், உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, உலர் சலவைக்குக் கொடுங்கள். எங்கே என்ன கறை என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

அம்மாவின் புடவையில் கிழியாமல் மிஞ்சிய பகுதியில் என் மகளுக்குப் பாவாடை தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் சைக்கிள் ஓட்டுகிறாள். அம்மா பார்த்தும் பார்க்காதவர்போல் இருக்கிறார்.