முதல் உலகப் போர்: ஆயுதத்தையும் கூட்டணியையும் பத்தி எழுதும்போது திரும்பத் திரும்பப் பண்ற தப்புங்க

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்க எழுதுற மாதிரி விடைங்களை நான் சில வருஷமா திருத்திக் குடுத்துட்டு இருக்கேன். முதல் உலகப் போர்னு கேள்வி வந்தாலே கிட்டத்தட்ட எல்லாத்துலயும் ஒரே கதைதான். மெஷின் கன் வந்துச்சு, அதனால ரெண்டு பக்கமும் நகர முடியாம குழிக்குள்ள கிடந்தாங்க, அப்புறம் டாங்க் வந்து அதை உடைச்சுச்சு, கடைசில அமெரிக்கா வந்து முடிச்சு வெச்சுச்சு. இதுல எதுவுமே சுத்தப் பொய் கிடையாது, பாதி பாதி உண்மை, அதனாலதான் இதை யாரும் திருத்தாம அப்படியே அடுத்த பேட்ச்சுக்குக் கை மாத்திட்டு இருக்காங்க, எனக்கு அதுதான் மனசு கேக்கல. ஏன்னா இந்தக் கதைல செத்தவங்க எப்படிச் செத்தாங்கன்றதே காணாமப் போயிடுது.

மொத தப்பு, மெஷின் கன்தான் எல்லாரையும் கொன்னுச்சுன்னு எழுதறது. மேற்கு முனைல, அதாவது பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்துப் போர்க்களத்துல, செத்தவங்க, காயம்பட்டவங்கள்ல பாதிக்கு மேல பீரங்கிக் குண்டுக்கு ஆளானவங்க. அதனாலதான் 1915ல இருந்து அங்க சண்டை போட்ட ராணுவங்க ஒவ்வொண்ணா துணித் தொப்பி, தோல் தொப்பியக் கழட்டிட்டு இரும்புத் தொப்பிக்கு மாறுச்சு, மேல இருந்து விழற சிதறலுக்குத்தான் அது, நேரா வர தோட்டாவ அது தடுக்காது. ஆக இந்தப் போரோட முக்கியமான ஆயுதம் எதுன்னு கேட்டா பீரங்கின்னு எழுதுங்க. ஆனா அதோட நிறுத்தக் கூடாது, ரெண்டாவது தப்பு சரியா அங்கதான் வருது.

ஆயுதம்னா ஒரு மெஷின்னு மட்டும் நினைச்சுக்கறோம். பீரங்கிய வெச்சுக்கிட்டு என்ன பண்றது, குண்டு வேணும், குண்டுக்கு வெடிமருந்து வேணும், அதை அடைக்க ஆள் வேணும், கொண்டு வந்து இறக்க ரயில் வேணும். 1915 மார்ச்ல பிரான்ஸ்ல நவ் ஷப்பேல்னு ஒரு இடத்துல பிரிட்டிஷ் படை தாக்குச்சு, தாக்குனவங்கள்ல பெரிய பங்கு நம்ம இந்தியப் படைங்க, கார்வால் ரைஃபிள்ஸ் எல்லாம் அதுல இருந்தாங்க. வெறும் 35 நிமிஷம் பீரங்கி அடிச்சாங்க, முன்வரிசை உடைஞ்சுது, ஆனா அதுக்கப்புறம் தொடர்ந்து அடிக்கக் கையில குண்டு பத்தல. குண்டுத் தட்டுப்பாடுன்னு லண்டன்ல பெரிய அரசியல் ரகளையே ஆகி, லாயிட் ஜார்ஜ் தலைமைல வெடிமருந்துக்குன்னே தனி அமைச்சகம் தொடங்கினாங்க. லட்சக்கணக்கான பொம்பளைங்க ஃபாக்டரிக்குப் போனாங்க, டிஎன்டின்ற வெடிமருந்தத் தொட்டுத் தொட்டு அவங்க தோலே மஞ்சளா மாறிடும், ஊர்ல அவங்களுக்கு கேனரிக் குருவின்னு பேரு. ஆயுதம்னு எழுதும்போது அந்த மஞ்சள் கையும் விடைக்குள்ள வரணும்.

ஜெர்மனி பக்கமும் இதே கதைதான். வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரேட் சிலி நாட்டுல இருந்து கப்பல்ல வந்துட்டு இருந்துச்சு, பிரிட்டிஷ் கடற்படை அந்த வழிய அடைச்சிடுச்சு. ஹேபர் போஷ் முறைல காத்துல இருக்கற நைட்ரஜன்ல இருந்து அமோனியா செய்யற ஆலை 1913லயே ஒப்பாவ்ல ஓட ஆரம்பிச்சிருந்துச்சு, வயலுக்கு உரம் போடறதுக்காகக் கட்டினது, போர் வந்ததும் அந்த அமோனியாவ வெடிமருந்துக்குத் திருப்பினாங்க, அது மட்டும் இல்லன்னா அத்தன வருஷம் ஜெர்மனி தாக்குப் பிடிச்சிருக்க முடியாதுன்னுதான் நான் சொல்லுவேன். அந்த முறையக் கண்டுபிடிச்ச வேதியியலாளர் ஹேபர்தான் 1915 ஏப்ரல் 22ல பெல்ஜியத்துல ஈப்ர்ன்ற ஊர்கிட்ட குளோரின் விஷ வாயு விட்டதுக்கும் பின்னாடி இருந்தவர். வாயுவப் பத்தி எல்லாரும் ஒரு பக்கம் எழுதறாங்க, அது குடுத்த பயம் நிஜம், ஆனா மொத்தப் போர்ல அதால செத்தவங்க சுமார் 90,000னு கணக்கு, பீரங்கியோட வெச்சுப் பார்த்தா ரொம்பச் சின்ன பங்கு.

சரி குண்டு நிறைய இருந்தா ஜெயிச்சிடலாமா? 1916 ஜூலை 1, பிரான்ஸ்ல சோம் ஆத்துப் பக்கம் பிரிட்டிஷ் படை தாக்குச்சு. அதுக்கு முன்னாடி ஒரு வாரம் விடாம சுமார் 15 லட்சம் குண்டு போட்டாங்க. பெரும்பாலும் சிதறல் குண்டு, அது முள்கம்பிய ஒழுங்கா அறுக்கல, பல குண்டு வெடிக்கவே இல்ல, ஜெர்மன்காரங்க 30 அடி ஆழத்துல சுண்ணாம்புப் பாறையக் குடைஞ்சு உக்காந்திருந்தாங்க, அடி நின்னதும் மேல ஏறி வந்து மெஷின் கன்னை வெச்சாங்க. அன்னிக்கு ஒரே நாள்ல பிரிட்டிஷ் பக்கம் 57,470 பேர் விழுந்தாங்க, அதுல 19,240 பேர் செத்தே போனாங்க. இங்க மெஷின் கன் கொன்னுது, உண்மை, ஆனா பீரங்கி தன் வேலைய முடிக்காததாலதான் அதுக்கு வாய்ப்பே கிடைச்சுது. அந்த வெடிக்காத குண்டுங்க இன்னிக்கும் பிரான்ஸ், பெல்ஜியம் வயல்ல உழும்போது கிளம்பி வருது, விவசாயிங்க அதை எடுத்து வயலோரம் வெச்சிடுவாங்க, ராணுவ வண்டி வந்து எடுத்துட்டுப் போகும். அதுக்கு அவங்க வெச்சிருக்கற பேரு இரும்பு அறுவடை.

டாங்க் விஷயத்துக்கு வருவோம். 1916 செப்டம்பர் 15ல பிரிட்டிஷ் படை அதை முதல் தடவ இறக்குச்சு, ஒதுக்கினது 49, பாதி வழியிலயே பல வண்டி படுத்துடுச்சு. 1918 ஆகஸ்ட் 8, பிரான்ஸ்ல அமியான்ற ஊர்கிட்ட 500க்கு மேல இறங்குச்சு, ஜெர்மன் தளபதி லுடன்டார்ஃபே அதைத் தன் படையோட கறுப்பு நாள்னு எழுதினார், அதனால டாங்க்தான் ஜெயிச்சுதுன்னு முடிச்சிடறாங்க. ஆனா நாலே நாள்ல ஓடற நிலைல மிஞ்சினதை விரல் விட்டு எண்ணிடலாம். அமியான்ல நிஜமா மாறினது வேற, அதைப் பத்திதான் யாருமே எழுதறதில்ல. எதிரி பீரங்கி எங்க இருக்குன்னு சத்தத்த வெச்சுக் கண்டுபிடிக்கறது. லாரன்ஸ் பிராக், 25 வயசுல இயற்பியல் நோபல் வாங்கினவர், மைக்குகளை வரிசையா வெச்சு, பீரங்கி வெடிக்கற சத்தம் ஒவ்வொண்ணுக்கும் எவ்ளோ நொடி தள்ளி வருதுன்னு அளந்து இடத்தக் கணக்குப் போட வெச்சார். அது கூட விமானத்துல இருந்து எடுத்த போட்டோ, நல்ல மேப். இதனால முன்கூட்டியே அடிச்சு உஷார்ப்படுத்தாம, விடிகாலைல முதல் குண்டே சரியா எதிரி பீரங்கி தலைல விழுந்துச்சு. பீரங்கி, டாங்க், விமானம், காலாட்படை எல்லாத்தையும் சேர்த்து ஓட்டக் கத்துக்கிட்டாங்க, அதுக்கு அவங்களுக்கு நாலு வருஷம் ஆச்சு.

இனிமே கூட்டணி. இங்க பெரிய தப்பு, புது நாடு சேர்ந்தா அந்தப் பக்கம் பலம் கூடுச்சுன்னு ஒரு கூட்டல் கணக்கு போடறது. ருமேனியாவப் பாருங்க. 1916 ஆகஸ்ட் 27ல நேச நாடுகள் பக்கம், அதாவது பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா பக்கம் சேர்ந்துச்சு, டிசம்பர் 6ல தலைநகர் புக்கரெஸ்ட் ஜெர்மனி கைக்குப் போயிடுச்சு. லாபம் என்னன்னா ஜெர்மனிக்கு எண்ணெயும் தானியமும், ரஷ்யாவுக்குக் கூடுதலா காவல் காக்க வேண்டிய நீளமான ஒரு முனை. அந்த எண்ணெய் எதிரிக்குப் போகக் கூடாதுன்னு நார்ட்டன் கிரிஃபித்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி ஊர் ஊரா போய் எண்ணெய்க் கிணத்தயெல்லாம் அடைச்சு, எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ வெச்சார், நேத்து சேர்ந்த கூட்டாளியோட சொத்துக்கு.

சில நாடு படைய வெச்சு இல்லாம இடத்த வெச்சே போர மாத்திடும். ஒட்டோமான் பேரரசு 1914ல ஜெர்மனி பக்கம் சாஞ்சதும் கருங்கடல் வாசல் மூடிக்குச்சு, ரஷ்யாவோட கோதுமை வெளிய போகல, ஆயுதம் உள்ள வரல. மிச்சம் இருந்தது குளிர்காலத்துல உறைஞ்சு போற ஆர்க்காங்கெல்ஸ்க், இல்ல உலகத்தோட மறுகோடில விளாடிவாஸ்டாக், ரெண்டுலயும் சரக்கு மலை மலையா தேங்கிக் கிடந்துச்சு. 1917 ரஷ்யப் புரட்சிக்குக் காரணம் எழுதும்போது இதையும் எழுதுங்க.

நம்ம ஊர்க் கதை ஒண்ணு. சென்னை ஹைகோர்ட் மதில்ல, எம்டன்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டதுக்கு ஒரு கல்வெட்டு இருக்கு, நான் முதல் தடவ பார்த்தப்ப அதைக் கையால தடவிப் பார்த்துட்டு ரொம்ப நேரம் நின்னேன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி நூறுக்கு மேல குண்டு, பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிங்க பத்தி எரிஞ்சுது, ஊரே காலி பண்ணிட்டுக் கிளம்புச்சு, எம்டன்ற வார்த்தையே நம்ம பேச்சுல நின்னுடுச்சு. ஆனா அந்தக் கப்பலோட முடிவ யாரும் சொல்றதில்ல. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வீரர்கள ஏத்திட்டு வந்த கப்பல் கூட்டத்துக்குக் காவலா ஜப்பானோட இபுக்கின்ற போர்க்கப்பலும் வந்துட்டு இருந்துச்சு, காவலுக்கு அது இருந்ததாலதான் கூட வந்த ஆஸ்திரேலியாவோட சிட்னின்ற போர்க்கப்பல் பிரிஞ்சு போய் நவம்பர் 9ல கோகோஸ் தீவுல எம்டனை அடிச்சு முடிச்சுது. ஜப்பான் அப்போ பிரிட்டன் பக்கம்னே நிறைய பேருக்குத் தெரியாது.

அமெரிக்காவுக்கு ரெண்டு விதமான தப்பு இருக்கு. ஒருத்தன் அமெரிக்காதான் ஜெயிச்சுக் குடுத்துச்சும்பான், இன்னொருத்தன் கடைசில வந்து போட்டோவுக்கு நின்னாங்கம்பான். 1917 ஏப்ரல் 6ல போர் அறிவிச்சப்ப அவங்ககிட்ட பெரிய படையே கிடையாது. பிரான்ஸ்ல சுட்ட பீரங்கில பெரும்பாலும் பிரெஞ்சுக்காரங்க குடுத்தது, டாங்க்கும் பெரும்பாலும் பிரான்ஸோட ரெனோ, அமெரிக்கால செஞ்ச டாங்க் ஒண்ணுகூட சண்டைக்கு வந்து சேரல, வீரர்கள்ல பாதிப் பேரு கிட்ட பிரிட்டிஷ் கப்பல்ல வந்தாங்க. அப்போ அவங்க குடுத்தது என்ன? முதல்ல பணம், ஏன்னா 1917 தொடக்கத்துல பிரிட்டன்கிட்ட டாலர் கிட்டத்தட்ட காலி. அடுத்து, நீர்மூழ்கிக்கு எதிரா காவலோட கப்பல் கூட்டம் ஓட்டறதுக்கு டிஸ்ட்ராயர்ன்ற வேகமான போர்க்கப்பல். கடைசியா ஆள், 1918 நவம்பர்ல சுமார் 20 லட்சம் பேர். இவங்க வந்து குவியறதுக்குள்ள முடிச்சிடணும்னுதான் ஜெர்மனி 1918 மார்ச் 21ல இருக்கற எல்லாத்தையும் போட்டு அடிச்சுது, அந்த அடிலதான் அதோட நல்ல படையே கரைஞ்சுது. அதே அடிலதான் நேச நாடுங்களும் பிரெஞ்சுத் தளபதி ஃபோஷை ஒரே தலைமைக்குக் கொண்டு வந்தாங்க, அதுவரைக்கும் மூணரை வருஷம் ஆளாளுக்குத் தனித்தனியா திட்டம் போட்டுட்டு இருந்தாங்க.

கடைசியா விடைல யாருமே எழுதாத நாடு, பல்கேரியா. 1918 செப்டம்பர் 29ல அது சரணடைஞ்சுது, அதே நாள்தான் லுடன்டார்ஃப் போய் ஜெர்மன் பேரரசர் கைசர்கிட்ட போர் நிறுத்தம் கேக்கணும்னு சொன்னார். அப்புறம் அக்டோபர் 30 ஒட்டோமான், நவம்பர் 3 ஆஸ்திரியா, நவம்பர் 11 ஜெர்மனி. இந்த நாலு தேதிய ஒண்ணா எழுதிக் காட்டின விடைத்தாள் இதுவரைக்கும் என் கைக்கு ரெண்டே ரெண்டுதான் வந்திருக்கு.