முதல் மரக்கப்பல்: 30 செ.மீ. வள்ளம் ஒன்றைச் செய்யப் பழகுவோம்

மாதிரிக் கப்பல் செய்யப் பழக வருகிற பிள்ளைகளிடம் என்ன செய்ய ஆசை என்று கேட்டால், அநேகமாக இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த பிரித்தானியப் போர்க்கப்பல் ஹேர்மிஸ். மற்றது, 1602இல் ஒல்லாந்துக் கடலோடி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக்கு வந்த காலத்து ஒல்லாந்துப் பாய்க்கப்பல். இரண்டும் நல்ல ஆசைதான். ஆனால் ஹேர்மிஸ் விமானந்தாங்கி, இரும்பு உடல். மரக்கீற்று ஒட்டிப் பழக அது உதவாது. ஒல்லாந்துக் கப்பலுக்கோ கயிறு வேலை மட்டுமே மாதக்கணக்கில் இழுக்கும். ஒற்றைப் பாய்மரமும் தட்டையான பின்பக்கமும் உள்ள சின்ன வள்ளத்தில் தொடங்குங்கள். அதன் உடல் வடிவாக வந்துவிட்டால் பெரிய கப்பலுக்குத் தேவையான கை உங்களுக்கு வந்துவிட்டது.

சாமான்கள்

4 மி.மீ. பிளைவூட்டில் ஒரு சின்னத் துண்டு போதும். கீற்றுகளுக்கு ஓடாவிப் பட்டறைக்குப் போங்கள். கழிவாகக் கிடக்கும் மகோகனியில், நார் நேராக ஓடுகிற துண்டாகப் பார்த்து, 5 மி.மீ. அகலம், 1 மி.மீ.க்குச் சற்றுக் கூடிய தடிப்பு, 35 செ.மீ. நீளத்தில் 40 கீற்று அறுத்துத் தரச் சொல்லுங்கள். ஐஸ்கிரீம் குச்சி வேண்டாம், நீளம் காணாது. ஓடாவிமார் பாவிக்கும் வெள்ளைப் பசை, உடுப்புக் கிளிப், 80ஆம் 120ஆம் 240ஆம் இலக்க சாண்ட் பேப்பர், கூரான கத்தி, மெல்லிய வாள் ஆகியவையும் வேண்டும்.

ஏராவும் வங்கும்

படகின் முதுகெலும்பு ஏரா. அதிலிருந்து விலா எலும்பு போல எழுவது வங்கு. பக்கவாட்டு வடிவத்தைக் கடதாசியில் வரைந்து, பிளைவூட்டில் ஒட்டி, ஏராவை அறுங்கள். அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, 4 செ.மீ.க்கு ஒன்றாக ஆறு வங்கு, பின்முனையில் தட்டைப் பலகை ஒன்று. நடு வங்கு 8 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் இருந்தால் அளவாக இருக்கும். ஒவ்வொரு வங்கையும் பாதியாக மடித்த கடதாசியில் வரைந்து வெட்டினால் இரு பக்கமும் ஒன்றாக வரும். வங்கிலும் ஏராவிலும் 4 மி.மீ. வெட்டு வைத்துக் கோர்த்து, மூலைமட்டம் பிடித்து ஒட்டுங்கள்.

சீவி எடுத்தல்

அவசரப்படக் கூடாத இடம் இது. வங்கின் விளிம்பை நேராகத்தான் அறுத்திருப்பீர்கள். ஆனால் அணியத்தை நோக்கி உடல் ஒடுங்குவதால் கீற்று அந்த விளிம்பில் சரிந்துதான் படியும். சீவாமல் விட்டால் மூலையில் மட்டும் தொடும், பசை பிடிக்காது. ஒரு தட்டைச் சட்டத்தில் 80ஆம் இலக்கத் தாளை ஒட்டி, ஒரே நேரத்தில் மூன்று வங்குகளைத் தொடும்படி தேயுங்கள். இடைக்கிடை ஒரு கீற்றைக் குறுக்கே வைத்து, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கீற்றுக்கும் வங்குக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிற இடத்தில் பென்சிலால் குறியிட்டுத் தேயுங்கள். எனக்கு இதற்கு ஒரு முழுப் பின்னேரம் போகும். போகட்டும்.

கீற்று ஒட்டுதல்

முதலில் கணக்கு. நடு வங்கில் மேல் விளிம்பிலிருந்து ஏரா வரை ஒரு நூலை வைத்து அளவுங்கள். 80 மி.மீ. வந்தால், ஒரு பக்கத்துக்கு 5 மி.மீ. கீற்று 16 வேண்டும். அணியத்தில் அதே அளவு 48 மி.மீ. என்றால், அங்கே ஒவ்வொரு கீற்றும் 3 மி.மீ.க்கு ஒடுங்க வேண்டும். கத்தியால் மெதுவாகச் சீவி ஒடுக்குங்கள். பாதி அகலத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், நுனி பிளந்துவிடும்.

கீற்றுகளை இளஞ்சூட்டு நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பசையில்லாமல் வங்கில் வளைத்துக் கிளிப் போட்டுக் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். ஒரு மாரியில், மழை விடாத கிழமையில், அரை ஈரத்தோடு ஒட்டினேன். தை மாத வெயிலில் கீற்றுகள் சுருங்கி, இடையிடையே நகக்கண் அளவு வெடிப்பு விழுந்தது. இப்போது மாரியில் இரண்டு நாள் விடுகிறேன்.

மேல் விளிம்பிலிருந்து தொடங்கி, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி ஒட்டுங்கள். என் முதல் வள்ளத்தில் ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் தொட்டேன். காலையில் பார்த்தால் ஏரா வாழைப்பழம் போல வளைந்திருந்தது. அதைத் திருத்த வழியே இல்லை. ஒவ்வொரு சோடி ஒட்டியதும் படகைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, அணியத்திலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். கோணல் இருந்தால் கண் உடனே சொல்லும்.

மிச்ச வேலை

120இலும் பிறகு 240இலும் தேய்த்து, ஏராவின் மேல் வெளிப்பட்டை ஒன்றை ஒட்டினால் கீற்று நுனிகள் மறையும். மேல்தட்டு, சுக்கான், மூங்கில் குச்சியில் சீவிய பாய்மரம் எல்லாம் சுலபம். பாய்க்குப் பழைய பருத்தி வேட்டித் துணியைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து எடுங்கள், கடலில் அடிபட்ட நிறம் வரும். கயிற்று நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டால் பிசிர் அடங்கும். பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயவே காயாது, தூசி பிடிக்கும். ஆளி விதை எண்ணெயை மெல்லிசாகப் பூசித் துடையுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள், சுருட்டி வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம்.

வீட்டுப் பிள்ளைகள் இதை வாவியில் விட்டுப் பார்க்கக் கேட்பார்கள். சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் இளகும். மிதக்கவிடும் எண்ணம் இருந்தால், தண்ணீர் தாங்கும் பசையைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.