பழைய கழிவுக் குழாய்களில் எதை முதலில் தோண்டுவது?

திருகோணமலையில் பெரும்பாலான வீடுகளுக்கு வளவுக்குள்ளேயே மலக்குழி இருக்கிறது. ஆகவே நிலத்தடிக் கழிவுக் குழாய்கள் நீளமாக ஓடுவது பழைய விடுதி, குவாட்டர்ஸ், ஹோட்டல் மாதிரியான பெரிய வளவுகளில்தான். அப்படி ஒரு வளவின் பராமரிப்பு உங்கள் தலையில் விழுந்துவிட்டது, கையில் இருக்கும் காசு பாதிக் குழாய்க்கும் காணாது என்றால், இது உங்களுக்குத்தான்.

நான் பழகிய காலத்தில் விட்ட பிழையை முதலில் சொல்கிறேன். ஆகப் பழைய குழாய்தான் ஆக மோசமாக இருக்கும் என்று நம்பி, முற்றத்துக்கடியில் கிடந்த 6 அங்குலச் சுட்டமண் குழாயைத் தோண்டினேன். குழாய் கல்லுப் போல இருந்தது. அடுத்த கோடையிலேயே கிணற்றடியால் போன, அதைவிட எவ்வளவோ புதிய பிவிசி குழாய் மூட்டில் விட்டு, கிணற்றுத் தண்ணீர் நாறத் தொடங்கியது. குழாயின் வயதை மட்டும் பார்த்து நான் இனி மண்வெட்டி எடுப்பதில்லை.

வரைபடம்

வளவை ஒரு தாளில் கீறுங்கள். ஒரு மேன்ஹோலிலிருந்து அடுத்த மேன்ஹோல் வரை ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எழுத்து. குழாய் எதனால் ஆனது, எத்தனை அங்குலம், மேலே என்ன இருக்கிறது (பாதையா, மரமா, கிணறா) என்று பக்கத்தில் எழுதுங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் கக்கூஸில் சாயத் தண்ணீர் ஊற்றி, எந்த மேன்ஹோலில் நிறம் வருகிறது என்று பாருங்கள். பழைய மேசன் யாராவது ஊரில் இருந்தால் ஒரு தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். அது சாயத்தை விட வேகம்.

திறந்து பார்த்தல்

மேன்ஹோலுக்குள் இறங்கவே கூடாது. தலையை உள்ளே விட்டுப் பார்ப்பதும் வேண்டாம். உள்ளே சேரும் ஐதரசன் சல்பைட்டு வாயு முதலில் கூழ்முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்து, நாற்றம் தெரியாமல் போகும். நாற்றம் இல்லை என்று இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து செத்த செய்திகளை நாம் எத்தனை தரம் வாசித்திருக்கிறோம்.

மேலே நின்றே நிறையப் பார்க்கலாம். ஒரு மேன்ஹோலில் டோர்ச் அடித்து, மற்றதில் தடியில் கட்டிய கண்ணாடியைச் சரித்துப் பிடியுங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது. பாதி நிலா மாதிரித் தெரிந்தால் நடுவில் தாழ்ந்திருக்கிறது, அல்லது ஏதோ அடைத்திருக்கிறது. போனில் மாட்டும் குழாய்க் கமரா கிடைத்தால் இன்னும் நல்லது.

கொங்கிரீட் குழாயில் மேற்பக்கத்தைப் பாருங்கள். மேலே சொன்ன ஐதரசன் சல்பைட்டு வாயு ஈரமான கூரைப்பக்கத்தில் பக்டீரியாக்களால் கந்தக அமிலமாக மாறிச் சீமெந்தைத் தின்னும். கீழே வழவழவென்று இருக்கும், மேலே கம்பி தெரியும். சுட்டமண் குழாயை அமிலம் தொடாது. ஆனால் அதன் மூட்டுகளுக்குள் அரச மரத்து வேர் நூல் மாதிரி நுழைந்து கயிறாகத் திரளும்.

வாட்டத்தையும், அதாவது குழாய் எவ்வளவு சரிந்து இறங்குகிறது என்பதையும், அளந்து பாருங்கள். 4 அங்குலக் குழாய்க்கு 40க்கு 1, 6 அங்குலத்துக்கு 60க்கு 1 என்பது பழைய கணக்கு. அதாவது 4 அங்குலக் குழாய் 10 மீற்றர் ஓடினால் 25 சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் போதும்.

இரண்டு தரம் பார்க்க வேண்டும்

நம்மூர் வேலையில் இதுதான் முக்கியம். ஓகஸ்ட் வெயிலில் ஒரு தரம், வடகீழ்ப் பருவமழை கொட்டும் டிசெம்பரில் ஒரு தரம் பாருங்கள். கடலோர மணல் நிலத்தில் மாரியில் நிலத்தடி நீர் குழாய்க்கு மேலே ஏறிவிடும். அப்போது வெடிப்பு வழியாக வெளித்தண்ணீர் குழாய்க்குள் வரும். கோடையில் நீர் கீழே இறங்கியதும், அதே வெடிப்பு வழியாகக் கழிவு மண்ணுக்குள் போகும். ஒரே ஓட்டைதான், மாரியில் மலக்குழியை நிரப்பும், கோடையில் கிணற்றைக் கெடுக்கும்.

மாரியில் விடியப்புறம் 3 மணிக்கு எழும்பி மேன்ஹோலைத் திறவுங்கள். எல்லாரும் தூங்கும் நேரத்திலும் தெளிந்த தண்ணீர் ஓடினால், முதலில் தாங்கி வால்வைப் பூட்டிப் பாருங்கள். கக்கூஸ் சிஸ்டர்ன் ஒழுகியிருந்தால் நின்றுவிடும். நிற்காவிட்டால் அது நிலத்துத் தண்ணீர். அதோடு அடியில் வெள்ளை மணலும் படிந்திருந்தால் கவனம்: குழாயைச் சுற்றியிருந்த மண் உள்ளே வந்துகொண்டிருக்கிறது, மேலே நிலம் பொந்தாகியிருக்கலாம். அந்த இடத்தில் லொறி ஏற விடாதீர்கள்.

புள்ளி போடுதல்

ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு புள்ளிகள். நிலைமைக்கு 1 முதல் 5: நல்லது 1, மெல்லிய கீறல் 2, ஒழுகும் மூட்டோ தாழ்ந்த இடமோ 3, துண்டு பெயர்ந்தது அல்லது கம்பி தெரிவது 4, இடிந்தது 5. அப்புறம், உடைந்தால் என்ன நட்டம் என்பதற்கு 1 முதல் 5. புல் நனைந்தால் 1, கிணறோ சமையலறையோ கெட்டால் 5. இரண்டையும் பெருக்குங்கள்.

என் வளவில் இப்படி வந்தது. முற்றத்துச் சுட்டமண் குழாய் 2 × 2 = 4. வேர் புகுந்த பின்பக்கக் குழாய் 4 × 2 = 8. லொறி ஏறும் கேற்றடிக் கொங்கிரீட் 4 × 3 = 12. கிணற்றடிப் பிவிசி 3 × 5 = 15. நான் தோண்டிய குழாய் கடைசியில்!

பெருக்கலை அப்படியே நம்பவும் வேண்டாம். நிலைமை 5 என்றால் பெருக்கி என்ன வந்தாலும் அதை உடனே பார்க்க வேண்டும். வேர் வெட்டுவது அரை நாள் வேலை என்பதால் 8 புள்ளிக் குழாயை நான் முதல் வாரமே முடித்தேன். கிணற்றடியில் 6 மீற்றரை மட்டும் வெட்டி, வாட்டம் பிடித்து மாற்றினோம். முழு நீளமும் தேவைப்படவில்லை. கேற்றடிக்கு அடுத்த வருடக் காசு வரும் வரை வாசலில் இரண்டு பீப்பாய் வைத்து லொறியை மறித்தோம்.

தோண்டும் வேலை எதுவானாலும் ஒக்டோபருக்கு முன் முடியுங்கள். மழை தொடங்கினால் மணல் கிடங்கு சரியும், பம்ப் வாடகையே குழாய்க் காசை விழுங்கும். மாற்றிய துண்டை அடுத்த டிசெம்பரில் ஒரு தரம் அதே 3 மணிக்குத் திறந்து பாருங்கள்.