சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: தொடக்க நிலைச் சிகிச்சைக்குத் தோட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு

சிறுநீரில் வலியே இல்லாமல் இரத்தம் வந்தால், உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று இளநீரும் பார்லித் தண்ணீரும் குடித்துப் பார்ப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இன்றும் உள்ள வழக்கம். இரண்டு நாளில் இரத்தம் தானாக நிற்கும், இளநீருக்கு நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் விட்டுவிட்டு வருவதே இந்நோயின் இயல்பு. ஒருமுறை கண்டாலும் அரசாங்க கிளினிக்கில் காட்டி, ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

கட்டி தசைச் சுவருக்குள் இறங்காமல் உட்சவ்வோடோ அதற்கு அடுத்த அடுக்கோடோ நிற்பதையே தொடக்க நிலை என்கிறார்கள். இதற்கு வயிற்றைக் கிழிப்பதில்லை. முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டோ முழு மயக்கம் கொடுத்தோ, சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. பிறகு சிறுநீர் வெளியேற ஓரிரு நாள் குழாய் இருக்கும். குழாயின் முனையிலுள்ள பையில் இறங்கும் நீர் சிவந்திருப்பதைப் பார்த்து உடனிருப்பவர்கள் பதற வேண்டியதில்லை. சிலருக்கு 24 மணி நேரத்துக்குள் மைட்டோமைசின் என்ற மருந்தைக் குழாய் வழியே ஒருமுறை செலுத்துவார்கள். அது சிறுநீர்ப்பைக்குள்ளேயே வேலை செய்வதால் தலைமுடி கொட்டுவதில்லை.

வீடு திரும்பிப் பத்து, பதினைந்து நாளில் உள்ளே ஆறிய பொருக்கு உதிரும்போது மறுபடி கொஞ்சம் இரத்தம் வரக்கூடும். தண்ணீர் நிறையக் குடித்தால் தெளிந்துவிடும். இரத்தம் உறைந்து கட்டி கட்டியாக வந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். செம்பனைக் குலை தூக்குவதையும் தள்ளுவண்டி தள்ளுவதையும் மருத்துவர் சொல்லும் வரை நிறுத்திவைக்க வேண்டும் என்பதால், எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. கட்டி சவ்வுக்கும் தசைக்கும் இடையிலுள்ள அடுக்கைத் தொட்டிருந்தால், 2 முதல் 6 வாரத்துக்குள் மீண்டும் சுரண்டுவார்கள். முதல் முறை தவறிவிட்டது என்று அதற்குப் பொருளல்ல.

திரும்பி வரும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அடுத்தது பி.சி.ஜி. பிறந்த குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பாகக் கையில் போடுகிறோமே, அதே கிருமிதான். வலுவிழக்கச் செய்த அக்கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறார்கள். வாரம் ஒருமுறையாக ஆறு வாரம், பின்னர் இடைவெளி விட்டு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை தொடரும். மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும் என்பதால், முதல் சிறுநீரை மருத்துவமனையிலேயே கழித்துவிட்டு பஸ் ஏறுங்கள். அடுத்த 6 மணி நேரம் ஆண்களும் உட்கார்ந்தே, தெறிக்காமல் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் குளோரோக்ஸ் (பிளீச்) ஊற்றி, 15 நிமிடம் விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பலர் பயன்படுத்தும் லயத்துக் கழிவறையில் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஓரிரு நாள் எரிச்சலும் இலேசான காய்ச்சலும் வருவதுண்டு. காய்ச்சல் 38 பாகையைத் தாண்டி நீடித்தால், பி.சி.ஜி. போட்டதைச் சொல்லி அவசரப் பிரிவில் காட்டுங்கள்.

இந்நோய் திரும்பி வரும் பழக்கமுடையது. புகைப்பதை விடாதவர்களிடம் இன்னும் அதிகம். அதனால் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் முதல் பரிசோதனை மூன்றாம் மாதத்திலும், மற்றவை பல ஆண்டுகளுக்கும் நடக்கும். தேதி தீபாவளி வாரத்தில் விழுந்தால், அட்டையிலுள்ள எண்ணுக்கு அழைத்து மாற்றிக்கொள்ளுங்கள். சிறுநீர் தெளிந்துவிட்டது என்று போகாமல் இருந்துவிடாதீர்கள்.